பதினேழு நிமிஷத்துல பத்து கிலோமீட்டர்

அக்கா, இத நீ அம்மாக்கும் அப்பாக்கும் வாசிச்சுக் காட்டு. பிச்சைக்கனி மாமா வீட்ல இருந்தா அவிய போனப்புறம் வாசி. நான் ஹாஸ்டல் மொட்டமாடில நின்னு பேசிக்கிட்டு இருக்கேன், போன் அதுவா எழுதிக்கிடுது. கையால அடிச்சா பாதிய அழிச்சிருவேன், என்னப் பத்தி உனக்குத் தெரியும்லா. கொச்சி வேல கிடைச்சுதா இல்லையாங்கறத கடைசிலதான் சொல்லுவேன். முன்னாலயே சொன்னா அம்மா அழ ஆரம்பிச்சிருவா, மிச்சத்த ஒருத்தரும் கேக்க மாட்டிய.

முதல்ல மாமாவுக்கு ஒரு பதில். நான் படிக்கது பி.டி. வாத்தியார் படிப்பு இல்ல. "விசில் ஊதுததுக்கு எதுக்குளா திருவனந்தபுரம், வள்ளியூர்ல விசில் விக்கலயா"ன்னு பொங்கலுக்கு எல்லார் முன்னாலயும் கேட்டாவல்லா. ஹியூமன் மூவ்மெண்ட் சயன்ஸ் அண்ட் ஸ்போர்ட் மேனேஜ்மெண்ட். பஸ்ல யாராவது என்ன படிக்கேன்னு கேட்டா, பேரச் சொல்லி முடிக்கதுக்குள்ள அவங்க ஸ்டாப் வந்திரும். அதே மாமாதான் இப்போ எனக்கு கொச்சில வேலன்னு கோயில் கமிட்டி வரைக்கும் சொல்லி வச்சிருக்காவ. எனக்குப் படிப்பு இருக்குன்னே நம்பாதவிய, இன்னும் கைக்கு வராத வேலைய மட்டும் எப்படி நம்புனாவளோ.

படிப்பு என்னன்னா, மனுஷன் எப்படி நடக்கான், எப்படி ஓடுதான், குதிங்கால் முதல்ல தரைல படுதா, முன்பாதம் படுதா, முட்டில எவ்வளவு பாரம் ஏறுதுன்னு பாக்கது. அதுக்குன்னு லேப்ல தரைல ஒரு தட்டு பதிச்சிருக்கு. அது மேல நடந்தா கம்ப்யூட்டர்ல கோடு கோடா வரும். வரணும். நான் வந்து ஒன்றர வருஷம் ஆச்சு, இதுவரைக்கும் அதுல ஒரு கோடு வரல. இப்போ அந்தத் தட்டு மேல மேஜ போட்டு, ஹெட் ஸ்ரீஜித் சார் சாயா போடுத கெட்டில வச்சிருக்காரு. கெட்டிலோட முட்டில எவ்வளவு பாரம் ஏறுதுன்னு கூட அது சொல்லாது. "உட்கார்ந்தே இருக்கதுதான் இந்தக் காலத்து வியாதி"ங்கறது சாருக்குப் பிடிச்ச பாடம். அத ஒரு மணி நேரம் உட்கார்ந்துக்கிட்டே நடத்துவாரு. முடிச்சுட்டு முதல் மாடிக்கு லிப்டுல போவாரு.

இது சயன்ஸ். மேனேஜ்மெண்ட்னா என்னன்னு நான் புரிஞ்சுக்கிட்டது இவ்வளவுதான்: ஒரு வேலையச் செய்யதுக்கு முன்னால அதுக்கு பனியன் அடிக்கணும்.

அப்படி பனியன் அடிச்சதுதான் ஃபோர்ட் ரன். பழவங்காடில ஆரம்பிச்சு, சாலைக் கடைத்தெரு ஓரமாப் போயி, ஸ்ரீவராகம் சுத்தி, இன்னும் எங்கெல்லாமோ போயிட்டு திரும்ப பழவங்காடிக்கே வரணும், பத்து கிலோமீட்டர். நடத்துதது எங்க டிபார்ட்மெண்ட். எங்களுக்கு அது பிராக்டிகல், அம்பது மார்க். செலவு ஏத்துக்கிட்டது முட்டி மாத்தி வைக்கிற ஒரு ஆஸ்பத்திரி. ரோட்ல ஓடுங்க ஓடுங்கன்னு முட்டி மாத்துதவன் வந்து சொன்னா, நமக்கு வேண்டாமா ஒரு சந்தேகம்? எங்க டிபார்ட்மெண்ட்ல ஒருத்தருக்கும் வரல. எனக்கும் வரல, பனியன் நல்லா இருந்துச்சு.

நேரம் கணக்குப் பாக்கதுக்கு ஒரு கம்பெனி. அதுல மேனேஜர் மகேஷ், ஸ்ரீவராகம் அக்ரஹாரத்துக்காரரு, முப்பது வயசு கூட இருக்காது. நான் தமிழ்னு தெரிஞ்சதுல இருந்து என்ன "கொழந்தே"ன்னுதான் கூப்பிடுவாரு. கம்பெனிக்கு கொச்சில ஆபீசு. எங்க கிளாஸ்ல இருந்து ஒரு ஆள எடுப்போம்னு சொல்லிருந்தாங்க, ஸ்டார்ட் பாயிண்ட் பொறுப்ப எங்கிட்ட குடுத்த அன்னைக்கே அது நாந்தான்னு மகேஷ் சொல்லிட்டாரு. அதத்தான் நான் உனக்குச் சொன்னேன், நீ அம்மாட்ட சொன்ன, அம்மா மாமாட்ட சொன்னா. அப்புறம் வள்ளியூருக்கே தெரிஞ்சு போச்சு.

அந்த நேரக் கணக்கு எப்படின்னு சொல்லிருதேன், இல்லன்னா ஒனக்கு ஒண்ணும் விளங்காது. ஓடுதவங்க ஷூ லேஸ்ல ஒரு சிப்பு கோத்திருக்கும், சட்ட பட்டன விடக் கொஞ்சம் பெருசு. ரோட்டுக்கு குறுக்க ரப்பர் பாய் ஒண்ணு விரிச்சிருக்கும். சிப்பு பாயத் தாண்டும்போது மிஷின் நேரத்தப் பிடிச்சுக்கிடும். முதல் தடவ தாண்டினா ஓட ஆரம்பிச்சாச்சு. ரெண்டாம் தடவ தாண்டினா முடிச்சாச்சு. முடிச்ச உடனே போனுக்கு வாழ்த்தும் சர்டிபிகேட்டும் தானாப் போயிரும். மூணு கிலோமீட்டர் கோஷ்டிக்கும் அதே பாய்தான். அதனால முதல் தடவைக்கும் ரெண்டாம் தடவைக்கும் நடுவுல பதினஞ்சு நிமிஷம் இருந்தாப் போதும், முடிச்சதா எடுத்துக்கிடச் சொல்லி மகேஷ் மிஷின்ல போட்டு வச்சிருந்தாரு.

"ஆரம்பிக்கதுக்கு முன்னாலயே யாராவது தாண்டிட்டா?"ன்னு கேட்டேன்.

"அதுக்குத்தானே நீ இருக்கே? ஒருத்தனையும் பாய மிதிக்க விடாதே. நீ பேடிக்காதே கொழந்தே, மத்ததெல்லாம் மிஷின் பாத்துக்கும்."

என்னப் போயி பயப்படாதேன்னு சொல்லுதாரு. நான் லிப்டுல ஏறினாலே கதவு தொறக்குமான்னு யோசிக்க ஆளு.

ஞாயித்துக்கிழம விடியக்காலம். இருநூறு பேரு வந்தாச்சு. அஞ்சரைக்கு ஆரம்பிக்கணும். கொடி ஆட்ட வேண்டிய ஆஸ்பத்திரி பெரிய டாக்டரக் காணல. பிளான்ல அஞ்சரைன்னு போட்டிருக்குங்கறதுக்காக மகேஷ் அஞ்சரைக்கு மிஷின ஆன் பண்ணாரு. பண்ணிட்டு, "டாக்டரக் கூட்டிண்டு வந்துடறேன், நீ பாத்துக்கோ"ன்னு கார்ல ஏறிப் போயிட்டாரு. ஸ்ரீஜித் சார் ஒரு நாற்காலி கண்டுபிடிச்சு உட்கார்ந்துட்டாரு. நான் பாய்க்கு ரெண்டு பக்கமும் ரிப்பன் கட்டி, கைய விரிச்சு காவல் நின்னேன்.

பாய்க்கு இந்தப் பக்கம், பிள்ளையார் கோயில் வாசலுக்கு நேரா ரோட்டோரத்துல ஒரு தேங்காக் கடை. கடைன்னா ஒரு மேஜ, தேங்கா, அருகம்புல் மால. தேங்கா வாங்குதவங்க செருப்ப மேஜைக்குக் கீழ விட்டுட்டுப் போலாம், அந்தம்மா பாத்துக்கிடும். அம்பது வயசு இருக்கும், தென்காசிப் பக்கத்துப் பேச்சு. பேரு அப்போ எனக்குத் தெரியாது. அந்த மேஜ இருந்த இடத்துலதான் ஆஸ்பத்திரியோட காத்தடிச்ச வளைவ நிறுத்தணும்.

"யம்மா, கொஞ்சம் அந்தப் பக்கம் மாத்திக்கிடுங்க. இங்க ஆர்ச் வருது."

"எந்த ராசா வாராருட்டி, ஆர்ச்சு வைக்க?"

"டாக்டர்."

"அங்க சீக்காளி காத்துக் கெடப்பான். இவரு இங்க கொடி ஆட்ட வாராராக்கும்? வரட்டும், வந்தப்புறம் மாத்துதேன். நீ ஏன் இப்படி வெடவெடன்னு நிக்க? சாப்பிட்டியா?"

சாப்பிடல. ஒரு தடங்கலும் இல்லாம இந்த ஓட்டம் முடிஞ்சா கொச்சி. இல்லன்னா வள்ளியூர், மாமா, விசில். எதிர்ல பிள்ளையாரு இருக்காரு. தடங்கல் வரக்கூடாதுன்னா இங்க எல்லாரும் தேங்காதான உடைக்காவ. நாலு நிமிஷத்துல ஒண்ண உடைச்சுட்டு வந்திரலாம்னு நினைச்சேன். டாக்டரும் வரல, மகேஷும் இல்ல.

"போயிட்டு வா, ஷூவ நான் பாத்துக்கிடுதேன்"னு அந்தம்மா நல்ல முத்தின தேங்காயா தட்டிப் பாத்துக் குடுத்துச்சு.

நான் ஷூவக் கழட்டுதத கூட்டத்துல முன்னால நின்ன ஒரு பெரியவரு பாத்தாரு. ரிட்டயர்டு ட்ரெஷரி ஆபீசரு, நெத்தில பச்ச பட்டி கட்டிருந்தாரு. "டைமிங்கின்டெ மோள் தன்னே போகுன்னு, பின்னெ நமுக்கெந்தா?"ன்னு சத்தமாச் சொன்னாரு. நேரம் பாக்கவளே போறா, நமக்கென்னன்னு. அவரு ஷூவக் கழட்டினாரு. அவரப் பாத்து இன்னும் ரெண்டு பேரு. அப்புறம் ஆட்டுமந்த மாதிரி ஒரு கூட்டம். எண்ணிச் சொன்னா நாப்பத்தோரு பேரு. நாப்பத்தோரு ஜோடி ஷூ, ஒவ்வொண்ணுலயும் லேஸ்ல சிப்பு. எல்லாம் அந்த மேஜைக்குக் கீழ.

எனக்கு அப்பவாவது புத்தில பட்டிருக்கணும். ஒன்றர வருஷமா மனுஷன் காலப் பத்தியே படிச்சவ. பட்டுச்சா? இல்ல. என் பிரார்த்தனைக்குத் துணைக்கு நாப்பது பேரு வந்திருக்காவன்னு சந்தோஷப்பட்டேன்.

உள்ள ஒவ்வொருத்தரும் தேங்கா உடைக்க, பின்னால கூட்டம் அடைச்சுக்கிட்டு, இருபது நிமிஷத்துக்கு என்னால வெளிய வர முடியல. அந்த நேரத்துல வளைவக் கொண்டு வந்தவங்க அந்தம்மாட்ட கத்திருக்காங்க. நான் ஏற்கனவே சொல்லி வச்ச மாதிரி அந்தம்மா நாப்பத்திரண்டு ஜோடி ஷூவையும் ரெண்டு சாக்குல போட்டு, பாயத் தாண்டி அந்தப் பக்கம் கொண்டு போயி வச்சிருச்சு. மிஷின் கணக்குல நாப்பத்தோரு பேரும் ஓட ஆரம்பிச்சாச்சு. ஆளு உள்ள கண்ண மூடிக் கும்பிட்டுக்கிட்டு இருக்கு.

நான் வெளிய வந்தப்போ வளைவு நின்னுச்சு, மேஜ அந்தப் பக்கம் போயிருந்துச்சு. நல்லதாப் போச்சுன்னு நினைச்சேன். என் பின்னாலயே அந்த நாப்பத்தோரு பேரும் வெறுங்காலோட வந்து, செருப்பு எங்க, ஷூ எங்கன்னு பாயப் பாத்து நடந்தாங்க. எனக்கு மண்டைல ஒண்ணே ஒண்ணுதான் ஓடுச்சு. ஒருத்தனையும் பாய மிதிக்க விடாதே.

"சவிட்டல்லே! சவிட்டல்லே! மிதிக்காதிய! எல்லாரும் அங்கயே நில்லுங்க!"ன்னு ரெண்டு மொழிலயும் கத்தினேன். கத்திட்டு அந்தம்மாவப் பாத்து, "யம்மா, நீங்களே எல்லாத்தையும் இந்தப் பக்கம் கொண்டு வந்திருங்க!"ன்னேன்.

ஆளத் தடுத்துட்டு சிப்ப வரச் சொல்லிருக்கேன் பாரு. இத மாமா கேட்டா செத்தாலும் மறக்க மாட்டாவ.

அந்தம்மா ஒரு சாக்கத் தலைல வச்சு, இன்னொண்ண இடுப்புல இடுக்கி, என்ன வைதுக்கிட்டே பாயத் தாண்டி வந்துச்சு. கூட ஒண்ணு சொல்லணும். நான் லேப்ல வீடியோல ஆயிரம் நடையப் பாத்திருக்கேன். அவ்வளவு பாரத்துலயும் அந்தம்மாவுக்கு தல ஆடல, இடுப்பு சரியல, ஒவ்வொரு காலும் எண்ணி வச்ச மாதிரி தரைல விழுந்துச்சு. அன்னைக்கு பழவங்காடில நின்ன இருநூறு பனியனுக்குள்ளயும் அப்படி ஒரு உடம்பு கிடையாது.

சாக்கக் கீழ வச்சுச்சு. ஒரு போன் கிணுங்குச்சு. அப்புறம் இன்னொண்ணு. அப்புறம் எல்லாம் சேர்ந்து.

ட்ரெஷரி ஆபீசரு கண்ணாடியப் போட்டு இங்கிலீஷ்ல உரக்க வாசிச்சாரு. தமிழ்ல சொன்னா, "வாழ்த்துகள். நீங்கள் பத்து கிலோமீட்டரைப் பதினேழு நிமிடம் எட்டு விநாடியில் நிறைவு செய்தீர்கள்." கீழ அவரு பேரு, ஆஸ்பத்திரி பேரு, ஒரு முட்டி படம்.

உலகத்துலயே வேகமா ஓடுதவனுக்கும் இருபத்தஞ்சு நிமிஷத்துக்கு மேல ஆவும். இவரு வெறுங்காலோட, நெத்தில குங்குமத்தோட, கைல தேங்கா மூடியோட நிக்காரு.

"நான் ஓடியில்லல்லோ?"ன்னாரு. போனத் திரும்பவும் பாத்தாரு. "எந்தாயாலும் சர்டிபிகேட் வந்நு." எப்படியோ, சர்டிபிகேட் வந்திருச்சுல்லான்னு.

இந்த நேரம் பாத்து டாக்டர் வந்து கொடிய ஆட்டிட்டாரு. மிச்சப் பேரு ஓடுனாங்க. நாப்பத்தோரு பேர்ல முப்பது பேரு சிரிச்சுக்கிட்டே ஓடுனாங்க, அவங்க திரும்பி வந்தப்போ மிஷின் கண்டுக்கிடவே இல்ல. அதுக்கு அவங்க ஏற்கனவே முடிச்சவங்க. மிச்சம் பதினோரு பேரு, முடிஞ்சுதல்லோன்னு வாழப்பழத்த வாங்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. ட்ரெஷரி ஆபீசரு அதுல ஒருத்தரு. மத்தியானம் அவரு ஸ்டேட்டஸ்ல சர்டிபிகேட் இருந்துச்சு, கீழ பேரன் பேத்தி வாழ்த்து. சாயங்காலம் யாரோ எல்லாத்தையும் சேத்து, முட்டி மாத்தினா இவ்வளவு வேகமா ஓடலாமான்னு கேட்டு மீம் போட்டுட்டாங்க. ஊரே சிரிச்சுது.

திங்கக்கிழம ஸ்ரீஜித் சார் லேபுக்குக் கூப்பிட்டாரு. மகேஷும் இருந்தாரு. மேஜ மேல ரெண்டு காகிதம். ஒண்ணு ரிப்போர்ட்டு, இங்கிலீஷ்ல அடிச்சு தயாரா இருந்துச்சு. அனுமதி இல்லாம ஒரு தெருவோர வியாபாரி ஓட்டப் பாதைக்குள்ள நுழைஞ்சு கருவிகளுக்கு இடைஞ்சல் பண்ணினதால இந்தக் குழப்பம்னு. ஆஸ்பத்திரி லெட்டரோட சேத்து அத கார்ப்பரேஷனுக்கு அனுப்பி, அந்தம்மாவோட வியாபார கார்ட ரத்து பண்ணச் சொல்லப் போறாங்க. கீழ ஸ்டார்ட் பாயிண்ட் பொறுப்பாளர்னு என் பேரு. நான் கையெழுத்து போடணும். அந்தம்மா பேருக்கும் கார்டு நம்பருக்கும் இடம் விட்டிருந்துச்சு. அத நான்தான் கேட்டு வாங்கிட்டு வரணுமாம், அந்தம்மா பேசுத தமிழ் எனக்குத்தான வருமாம். அப்போ மட்டும் தமிழ் வேணும்.

இன்னொரு காகிதம் கொச்சி வேலைக்கு ஆர்டர்.

"நான்தான அந்தம்மாட்ட மேஜய மாத்தச் சொன்னேன்"னேன்.

"அது ரிப்போர்ட்ல வேண்டாம்"னாரு மகேஷ்.

"நான் பாய விட்டுட்டு தேங்கா உடைக்கப் போயிட்டேன்."

"ஐயோ, அது வேண்டவே வேண்டாம்."

"மிஷின நீங்க அஞ்சரைக்கே..."

"இதோ பாரு கொழந்தே, நேக்கு அந்த மாமி மேல ஒரு கோபமும் இல்லே. ரிப்போர்ட்னா ஒரு காரணம் வேணும். காரணம்னா ஒரு ஆள் வேணும். அந்த ஆள் நம்மாத்து ஆளா இருக்கப்படாது. அவ்ளோதான்."

ஸ்ரீஜித் சார் கெட்டில்ல இருந்து சாயா ஊத்திக்கிட்டே சொன்னாரு: "அவர்க்கு வேறே எவிடெயெங்கிலும் தேங்ஙா விக்காம். நினக்கு வேறே ஜோலி கிட்டுமோ?" அந்தம்மாவுக்கு வேற இடம் கிடைக்கும், உனக்கு வேற வேல கிடைக்குமான்னு.

அக்கா, நான் என்ன சொன்னேன்னு நினைக்க? "சரி சார்"னேன். சும்மா அழகுக்குப் பொய் சொல்ல வேண்டாம், சரின்னுதான் சொன்னேன். காகிதத்த பைல வச்சுக்கிட்டு பஸ் ஏறினேன். ஏறும்போதே மனசுக்குள்ள வக்கீல் வேல ஆரம்பிச்சாச்சு. அந்தம்மா அப்படி ஒண்ணும் நல்லவ இல்ல, எல்லார் முன்னாலயும் என்ன வைதுச்சு, ரோட்ட அடைச்சுத்தான கடை போட்டிருக்கு. போனதும் நாலு வார்த்த கெட்டதாப் பேசினா நல்லா இருக்கும், கையெழுத்து போட லேசா இருக்கும்னு நினைச்சேன். அவ்வளவு கேவலம்.

போனா அந்தம்மா சிரிக்குது. "ஏட்டி, வா வா. ஒங்க ஓட்டக்காரன் ஒருத்தன் நேத்து வந்து போன்ல சீட்டக் காட்டினான். ஓடாமலே சீட்டு குடுத்தியளாமே? நல்ல காலேஜு."

"யம்மா, உங்க பேரு, கார்டு நம்பர் வேணும்."

"எதுக்கு?"

அந்தம்மாவே பதிலையும் சொல்லிருச்சு.

"எனக்கும் சீட்டா? அதான பாத்தேன்! நாப்பது பேரு செருப்பையும் ரெண்டு தடவ தூக்குனது நாந்தான. எனக்கு இல்லன்னா எவனுக்குட்டி குடுப்பிய?" டப்பாவுக்குள்ள இருந்து பிளாஸ்டிக் கவர எடுத்து, அதுக்குள்ள இருந்து கார்ட எடுத்து, முந்தானையால தொடச்சு என் கைல குடுத்துச்சு. "நம்பரத் தெளிவா எழுது. பேரு உலகம்மாள். முன்னால ஆவன்னா போடு. ஆறுமுகம், எங்கப்பா. புருஷன் பேரப் போட்டுத் தொலச்சிராத, அவன் பேர்ல ஏற்கனவே ரேஷன் கார்டு இருக்கு, அது போதும் அவனுக்கு." பக்கத்துல பூக்காரியப் பாத்து, "ஏ லீலாபாய், எனக்கும் சர்டிபிகேட்டு வருதாம்! முட்டி படம் போட்டது!"

"நினக்கு முட்டி உண்டோ அதுக்கு?"ன்னு அவ கேட்டா. ரெண்டு பேரும் சிரிச்சாங்க.

நான் எழுதினேன் அக்கா. ஆ. உலகம்மாள். நம்பர் முழுசும். சொன்ன மாதிரியே தெளிவா.

ஹாஸ்டலுக்கு வந்து பேனாவ எடுத்து கையெழுத்து போட உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். போட வரல. பயத்துல கூட சில நேரம் எனக்கு கை ஓடாது, அது மாதிரின்னு வச்சுக்கோ. அப்புறம் லேப்டாப்ப எடுத்து வேற ஒரு ரிப்போர்ட்டு நானே எழுதினேன். மிஷின அஞ்சரைக்கு ஆன் பண்ணது யாரு. டாக்டர் வந்தப்போ மணி எத்தன. பாய விட்டுட்டு தேங்கா உடைக்கப் போனது யாரு. மேஜய மாத்தச் சொன்னது யாரு, ஷூவத் திரும்பக் கொண்டு வரச் சொன்னது யாரு. எல்லாத்துக்கும் பேரு போட்டேன். அந்தம்மா பேரு மட்டும் போடல. சாருக்கு மட்டும் குடுத்தா கிழிச்சுருவாருன்னு தெரியும். அதனால ஆஸ்பத்திரிக்கும் அனுப்பினேன், பேனர்லயே ஈமெயில் இருந்துச்சு. தைரியம்னு நினைக்காத. அனுப்பிட்டு ரெண்டு தடவ வாந்தி எடுத்தேன். திரும்ப எடுக்க முடியுமான்னு கூகுள்ல தேடினேன், முடியாதாம்.

மறுநாள் சார் குதிச்ச குதிக்கு அந்தத் தட்டு வேல செஞ்சிருந்தா உடைஞ்சிருக்கும். ஒன்றர வருஷத்துல அவரு எந்திரிச்சு நின்னு பேசி அன்னைக்குத்தான் பாத்தேன். எங்க சிலபஸ்ல எத்திக்ஸ்னு ஒரு பேப்பர் உண்டு, அத நடத்துனதும் அவருதான், அதுல எனக்கு நல்ல மார்க்கு போட்டதும் அவருதான். அதச் சொல்லலாம்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ஆனா எனக்கு அவ்வளவுக்கு ஆவாது.

ஆஸ்பத்திரிக்காரங்க எங்க டாக்டர் லேட்டுன்னு எழுதின காகிதம் எங்கயும் போகக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. ஒண்ண அனுப்பினா இன்னொண்ணும் வெளிய வந்திரும்னு ரெண்டு ரிப்போர்ட்டும் குப்பைக்குப் போச்சு. கார்ப்பரேஷனுக்கு ஒண்ணும் போகல. அந்தம்மா மேஜ இருந்த இடத்துலயே இருக்கு.

வேல பிபினுக்குப் போச்சு. என் கிளாஸ்தான். அன்னைக்கு பாதி வழில தண்ணி குடுக்க நிறுத்தின ஆளு, பாதி பேருக்குத் தண்ணி குடுக்காம ரீல்ஸ் எடுத்துக்கிட்டு இருந்தான். மகேஷ் எனக்கு "ஆல் தி பெஸ்ட் கொழந்தே"ன்னு மெசேஜ் போட்டிருந்தாரு, ஒரு பூவும் போட்டிருந்தாரு. பிராக்டிகல்ல அம்பதுக்குப் பத்தொம்பது. ஃபெயில். அடுத்த வருஷப் பிள்ளைங்களோட சேந்து திரும்பச் செய்யணும்.

அதான் அக்கா விஷயம். கொச்சி இல்ல. அம்மா அழுதா அழட்டும், அப்பாட்ட ஃபீஸ் கட்டினது வீணாப் போகலன்னு சொல்லு, ஒரு பேப்பர்தான் பாக்கி. மாமாட்ட வேல இல்லன்னு மட்டும் சொல்லு. செருப்புக் கதையச் சொல்லாத. விசிலே பரவால்லன்னுருவாவ.

இன்னும் ஒண்ணு இருக்கு, அதான் தூங்க விட மாட்டேங்குது. போன வாரம் கிழக்கே கோட்டைல பஸ்ஸ விட்டு இறங்கி அந்தப் பிள்ளையார் கோயில் வழியா நடந்தேன். அந்தம்மா கூப்பிட்டுச்சு.

"ஏட்டி, என் சீட்டு எங்க?"

"அது... வரலம்மா. யாருக்கும் இனிமே குடுக்கலயாம்."

"பேரு எழுதினல்லா? நம்பர் எழுதினல்லா? அப்போ எங்க போச்சு?"

உண்மையச் சொல்லணும்னா எதுக்குப் பேரு கேட்டு வந்தேன்ங்கறதுல இருந்துல்லா ஆரம்பிக்கணும்.

"என் நம்பர வச்சு வேற எவளுக்கோ வாங்கிக் குடுத்துட்டியாக்கும்? படிச்ச புள்ளைன்னு நம்பி கார்டக் கைல குடுத்தேன் பாரு. ஏ லீலாபாய், இவதான் அவ, நல்லாப் பாத்து வச்சுக்கோ."

அந்தப் பூக்காரி என்ன மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தா. இப்போ நான் அந்தக் கோயில் வழியாப் போனா ரோட்டுக்கு எதிர்ப்பக்கமாவே போறேன். நேத்து அப்படித் தள்ளிப் போயும் அந்தம்மா பாத்துருச்சு. பாத்த உடனே குனிஞ்சு, மேஜைக்குக் கீழ கிடந்த செருப்பெல்லாத்தையும் காலால உள்ள தள்ளி வச்சுது, நான் எடுத்துட்டுப் போயிருவேன்னு.